குடும்பப் பத்தி

ஜனவரி 6, திங்கள்

கல்லூரி திறந்தது. எம்.ஏ. கடைசிப் பருவம். போன பருவத்தின் முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலத் தாள்கள் எல்லாவற்றிலும் நான்தான் முதலிடம். பிரெஞ்சு எழுத்துத் தேர்விலும் நல்ல மதிப்பெண். பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் மறுபடியும் தோல்வி.

ஏப்ரலில் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதுவும் போனால் பட்டம் கிடையாது. எங்கள் படிப்பின் பெயரே ஆங்கில இலக்கியமும் நவீன மொழிகளும். மொழியில் வாய் திறக்காதவளுக்கு இலக்கியத்துக்கு மட்டும் பட்டம் தர விதியில்லை என்று துறைத்தலைவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "உங்க வயசுக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெருசும்மா" என்றார். அதற்குப் பதில் அவர் கோபப்பட்டிருக்கலாம்.

பட்டம் கிடைத்தால் ஜூன் மாதம் மகளிர் கல்லூரியில் ஆசிரியை வேலை ஒன்று இருக்கிறது. கேட்டு வைத்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் வீடு. காலையில் என் கணவர் மின்வாரிய அலுவலகத்துக்குப் போன பிறகு சாயங்காலம் வரைக்கும் வீடு. பழைய பள்ளிக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களுக்கு இனி என்னால் பாடம் எடுக்க முடியாது. கேட்கிறவர்களிடம் முட்டிவலி, மாடி ஏற முடியவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். மாவு அரைத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

பேருந்தில் ஃபர்ஹானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் வருடம் முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றவர்களில் அவளும் ஒருத்தி. நான் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் அக்கா.

"அக்கா, எனக்குக் கிராமர் சொல்லிக்குடுத்ததே நீங்க. நான் ஓரல்ல பாஸ், நீங்க ஃபெயில். எனக்கே அசிங்கமா இருக்கு."

"தொண்டை அடைச்சுக்குது ஃபர்ஹானா."

"தொண்டையெல்லாம் இல்ல. நீங்க யோசிக்கிறீங்க. யோசிச்சா வராது. சார் குடுத்த பத்திய அப்படியே கொட்டிட்டு எந்திரிச்சு வந்துரணும்."

எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் அந்துவான் சார், புதுச்சேரிக்காரர். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் யாராக இருந்தாலும் முதலில் குடும்பத்தைப் பற்றித்தான் கேட்பார் என்பதால், எல்லா வருடமும் எல்லா மாணவிகளுக்கும் ஒரே பத்தியை எழுதிப்போடுவார். நாங்கள் நால்வர். அப்பா பொறியாளர். அம்மா இல்லத்தரசி. நான் மாணவி. எனக்கு ஒரு தம்பி. இப்படிப் போகும். ஜெராக்ஸ் கடையில் 'அந்துவான் சார் ஃபேமிலி' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். யாருடைய நிஜக் குடும்பமும் அதில் இல்லை. யாரும் அதற்காகக் கவலைப்பட்டதும் இல்லை.

"எங்க அத்தா கறிக்கடை வச்சிருக்காரு. ரெண்டு வருசமா நான் அவரை இஞ்சினியராக்கி வச்சிருக்கேன். அவருக்குத் தெரியாது. பிரெஞ்சு மட்டும் தெரிஞ்சா, மீதி நாலு பொண்ணையும் எங்கடி தொலைச்சேன்னு வெட்டுக்கத்திய எடுத்துட்டு வருவாரு."

சிரித்தேன். சிரித்தது எனக்கே புதிதாகக் கேட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைக்கவில்லை. பாலை மட்டும் காய்ச்சி இறக்கினேன். அவருடைய தங்கை வத்சலா போன் செய்தாள்.

"போன வருசம் வெக்கல, சரி. இந்த வருசமும் வெக்கலைன்னா எப்படி அண்ணி? அண்ணனுக்கும் ஒரு மாறுதல் வேணாமா? காலேஜ் போறதுக்கு மட்டும் உங்களுக்கு மனசு வருது."

"குக்கர் வச்சிருக்கேன் வத்சலா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 22, புதன்

ஆங்கில வகுப்பில் இரங்கற்பாக்கள் குறித்து நான் கட்டுரை வாசித்தேன். இறந்தவரை முதலில் பெயர் சொல்லி அழைப்பது, பிறகு இயற்கையைத் துணைக்கு அழைப்பது, கடைசியில் ஆறுதலுக்கு வந்து சேர்வது. இந்த மரபு ஏன் கவிஞர்களுக்குத் தேவைப்பட்டது, பின்னால் வந்தவர்கள் அந்தக் கடைசிப் படியை ஏன் ஏற மறுத்தார்கள் என்று விளக்கினேன். பேராசிரியை லூர்துமேரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாராட்டினார். "கொஞ்சங்கூட உணர்ச்சிவசப்படாம எழுதியிருக்கீங்க ரேணுகா. இந்தப் பிள்ளைங்களுக்கு அது வர மாட்டேங்குது."

உண்மைதான், எனக்கு அது சிரமமாகவே இல்லை. ஆங்கிலத்தில் சாவு ஒரு கருப்பொருள். அதற்கு வரலாறு இருக்கிறது, வகைமை இருக்கிறது, அடிக்குறிப்பு இருக்கிறது. அந்த மொழியில் யாரும் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுததில்லை.

வரும் வழியில் கத்தரிக்காயும் கொத்தமல்லியும் வாங்கினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அந்துவான் சார் மாதிரித் தேர்வு வைத்தார். ஒவ்வொருவரையும் எதிரில் உட்காரவைத்துக் கேட்டார். எல்லோரும் கொட்டினார்கள். பதினெட்டுப் பெண்களுக்கும் பொறியாளர் அப்பா. என் முறை வந்தது.

முதல் வருடத்தில் சார் எனக்கென்று பத்தியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்திருந்தார். இந்த வயதில் அப்பா, தம்பி என்று சொன்னால் நன்றாக இருக்காது என்று அப்பா இருந்த இடத்தில் கணவரைப் போட்டார். அவர் உண்மையாகவே பொறியாளர்தான். தம்பி இருந்த இடத்தில் மகனைப் போட்டார். மற்ற வரிகள் எல்லாம் அப்படியே. என் மகனுக்கு வயது பதினேழு. அவனுக்கு நீச்சல் பிடிக்கும். நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.

கணவர்வரை சொன்னேன். அதற்குமேல் தொண்டை அடைத்துக்கொண்டது. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் குடிக்க வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். நாங்கள் போகவில்லை. ஆற்றுப் பாலம் தாண்ட வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று எழுத ஒன்றுமில்லை. அவர் சீக்கிரம் வந்துவிட்டார். நானும் வகுப்பிலிருந்து பாதியில் வந்துவிட்டேன். இரண்டு பேரும் ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. டிவியில் ஏதோ விவாதம் ஓடியது. போன வருடமும் இந்தத் தேதியில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அதற்கு முந்தைய வருடம் கேக் மேல் பதினேழு மெழுகுவத்தி இருந்தது.

மார்ச் 5, புதன்

வகுப்பு முடிந்ததும் அந்துவான் சார் என்னை நிற்கச் சொன்னார்.

"ரேணுகாம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எம்மேல எதுவும் வருத்தமா? எழுத்துல எல்லாரையும் தூக்கிச் சாப்பிடறீங்க. நான் குடுத்த ஆறு வரிய மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க. போன ரெண்டு தடவையும் வந்த தேர்வாளருங்க எங்கிட்டதான் கேட்டாங்க, இந்தம்மா ஊமையான்னு."

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ஏன் ஆங்கிலம் என்று தெரியவில்லை. அதுதான் வந்தது. என் மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரத்தில் நண்பர்களோடு கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போய் மூழ்கி இறந்துவிட்டான், அப்போது அவனுக்கு வயது பதினேழு என்றேன். ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். குரல்கூட மாறவில்லை.

சார் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பதினேழுன்னு நான் சும்மா போட்டதும்மா. எல்லார் தம்பிக்கும் பதினேழுதான். இருபது வருசமா அதே தம்பிதான்."

"தெரியும் சார்."

"நீச்சல எடுத்துருவோம். கிரிக்கெட்னு போட்டுக்குங்க." சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டினார். "வேணாம். எதுக்கு? பிள்ளைங்க இல்லைன்னு சொல்லிருங்க. ஒரே வார்த்தை. அடுத்த கேள்விக்குப் போயிருவாங்க."

"போன தடவை அப்படித்தான் சொன்னேன் சார்."

பிள்ளைகள் உண்டா என்று முதல் தேர்வாளர் கேட்டபோது வாய் திறக்கவே இல்லை. இரண்டாவது தேர்வாளரிடம் இல்லை என்றேன். நன்றாகத்தான் சொன்னேன், மூக்கில் ஒலிக்க வேண்டிய இடத்தில் மூக்கில் ஒலித்தது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் என் ஊரைக் கேட்டார், பிடித்த உணவைக் கேட்டார், இன்று என்ன கிழமை என்றுகூடக் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வேறு வார்த்தை எதுவும் வரவில்லை. அவனை நானே வெளியில் தள்ளிக் கதவைச் சாத்தியது போல இருந்தது.

சார் கிளம்பும்போது, "அவங்க மொழியத்தான் பாப்பாங்கம்மா, குடும்பத்தப் பாக்க மாட்டாங்க. உண்மையச் சொல்லணும்னு எந்த விதியும் கிடையாது" என்றார்.

மார்ச் 6, வியாழன்

நேற்று சாரிடம் சொன்னதைத் தமிழில் நான் யாரிடமும் சொன்னதில்லை என்பது இன்று துணி காயப்போடும்போதுதான் தோன்றியது. சொல்லத் தேவையே வரவில்லை. தமிழ் பேசுகிற எல்லோருக்கும் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்குச் செய்தி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. பதினாறாம் நாள் காரியத்தில் ஐயர் அவன் பெயரைக் கேட்டபோது என் கணவர் சொன்னார். அதுதான் இந்த வீட்டில் அந்தப் பெயரைக் கடைசியாகக் கேட்டது. மூன்று மாதம் கழித்துக் கல்லூரியில் சேர்ந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று சமையலறையில் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். அவர் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முதலில் என் பெயர், ஊர், கணவர். பிறகு ஒரு மூச்சு விட்டு, எனக்கு ஒரு மகன் இருக்கிறான், அவன் பெயர் செழியன், வயது பதினேழு, மாணவன்.

வந்துவிட்டது. தொண்டை அடைக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். மோன் ஃபீஸ் ஸப்பெல் செழியன். அது நான் பேசுவது போலவே இல்லை. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு சமையலறையில், வேறு யாரோ ஒருத்தி சாதாரணமாகச் சொல்கிறாள். அவள் மகன் பக்கத்து அறையில் இருக்கிறான்.

ஹாலில் டிவிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.



மார்ச் 19, புதன்

தண்ணீர் எடுக்க வருவது போலச் சமையலறைக்குள் வந்தார்.

"நேத்து என்னமோ சொல்லிட்டிருந்தியே."

"பிரெஞ்சு. பரீட்சைக்கு."

"அதுல செழியன்னு வந்துச்சு."

நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என் மகன் பேர் செழியன்னு சொன்னேங்க. குடும்பத்தப் பத்திக் கேப்பாங்க."

"வேற என்ன சொன்ன?"

"படிக்கிறான்னு. வயசு பதினேழுன்னு."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அவர் இதுவரை டம்ளர் கழுவியதில்லை.

"பத்தொன்பது" என்றார்.

"என்னது?"

"போன மாசத்தோட பத்தொன்பது ஆச்சு. பத்தொன்பதுன்னு சொல்லு."

மார்ச் 23, ஞாயிறு

காலையிலேயே நாற்காலியைச் சமையலறை வாசலில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வேற என்னல்லாம் கேப்பாங்க?"

"என்ன படிக்கிறான்னு கேப்பாங்க."

"மெக்கானிக்கல். ரெண்டாவது வருசம்."

"அவன் விஸ்காம் படிக்கணும்னான்."

"அது விளையாட்டுக்குச் சொன்னது."

"உங்ககிட்ட விளையாட்டுக்குச் சொல்வான். எங்கிட்ட நெஜமாத்தான் சொன்னான்."

"கேமரா வாங்கறதுக்காகச் சொன்னது ரேணு. அந்தப் பய சாமர்த்தியம் உனக்குத் தெரியாது. மெக்கானிக்கல் சீட்டுக்கு நான் ஆள் பார்த்து வச்சிருந்தேன்."

"அவனைக் கேக்காமயே பார்த்து வச்சிருந்தீங்க."

"நான் பாக்காம வேற எவன் பாப்பான்? நீ செல்லங்குடுத்துக் குடுத்து..."

இரண்டு பேர் குரலும் ஏறிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடி டப்பாவோடு எட்டிப் பார்த்தார். இந்த வீட்டில் சத்தமாகப் பேசி எவ்வளவு நாளாயிற்று. அவருக்கு முகம் சிவந்திருந்தது. எனக்கும் கோபம். அது நன்றாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நான்தான் முதலில் இறங்கி வந்தேன். "சரிங்க, மெக்கானிக்கல்னே சொல்லிடறேன். அதுக்குப் பிரெஞ்சு வார்த்தையும் சுலபம்."

அவர் குளிக்கப் போனார். தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பி வந்து, "வேணாம். அவன் கேட்டதையே போடு" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று தேர்வில் கேட்பார்கள் என்று சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கி அவன் என்ன சாப்ட்டான்?"

நான் பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தமிழில் அர்த்தம் சொல்ல வேண்டும்.

"உப்புமா."

"உப்புமாவா? அவன் உப்புமாவத் தொட்டிருக்கானா? பரீட்சையில தப்பாச் சொல்லிட்டு வராத."

"உப்புமாவ எப்படிங்க பிரெஞ்சுல சொல்றதுன்னு பழகறேன்."

"அப்ப, அம்மா உப்புமா செஞ்சா, அவன் பட்டினி கெடந்தான்னு சொல்லு. அதுதான் சரி."

சிரித்துவிட்டோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டோம்.

வகுப்பில் அந்துவான் சாரிடம் சொல்லிக் காட்டினேன். தடையில்லாமல் வந்தது. உச்சரிப்பில் ஒன்றுமே திருத்தவில்லை. "போதும்மா, போதும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாளாகச் சோறு மிஞ்சுகிறது. ஆழாக்கில் அளந்துதான் போடுகிறேன். எங்கே தவறுகிறது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

திதி வேறொரு நாளில் வரும். இங்கிலீஷ் தேதி இன்று. கல்லூரிக்குப் போகவில்லை. மதியமே அவரும் வந்துவிட்டார். ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு மணி ஆனது. அவர் எழுந்து போய் நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.

"இன்னிக்கி அவன் எங்கயாச்சும் போனானா?"

அவன் எங்கும் போகவில்லை, நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தான் என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"என்ன சொன்ன?"

"வீட்லதான் இருந்தான்னு சொன்னேன்."

"ம்" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. வத்சலா வந்திருந்தாள். அண்ணன் முகம் தெளிந்திருக்கிறது என்றாள். "நான் சொன்னேன்ல அண்ணி, நாள் ஆக ஆகச் சரியாயிரும்னு." வடை தட்டிக்கொடுத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

தேர்வு முடிந்தது.

வெளித்தேர்வாளர் என் வயதுடைய பெண். பிரெஞ்சுக்காரர், சென்னையில் வேலை பார்க்கிறாராம். காட்டன் புடவையை ஊசி குத்திக் கட்டியிருந்தார். பக்கத்தில் அந்துவான் சார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தார்.

அந்த அம்மாள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். நாங்கள் மூவர். மகனுக்குப் பத்தொன்பது வயது. படம் எடுப்பதைப் பற்றிப் படிக்கிறான். அவன் அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை, வீட்டில் தினமும் சண்டை என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தன் மகனும் அப்படித்தான், இருபது வயதாகிறது, நாள் முழுக்க போனோடு கிடக்கிறான், கூப்பிட்டால் காது கேட்காது என்றார். என் மகனுக்குக் கேட்கும், ஆனால் மூன்றாவது தடவைதான் பதில் வரும் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். உப்புமா கதையைச் சொன்னேன். அதுவரை வகுப்பில் படிக்காத சொற்களெல்லாம் எங்கிருந்தோ வந்தன. தேர்வு நேரம் தாண்டிவிட்டது என்று தெரிந்தும் அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. இரண்டு அம்மாக்கள் பேருந்துக்காகக் காத்திருந்து பேசிக்கொள்வது போலப் பேசினோம்.

விடுமுறையில் என்ன செய்வான், நீச்சல் தெரியுமா, உங்கள் ஊரில் ஆறு இருக்கிறதே என்று கேட்டார்.

அந்துவான் சாரின் பேனா நின்றது.

தெரியாது, இந்தக் கோடையில் கற்றுக்கொள்ள அனுப்பியிருக்கிறோம் என்றேன். கற்றுக்கொண்ட பிறகுதான் ஆற்றுக்குப் போக வேண்டும் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நல்லது என்றார் அவர். எழுந்து நின்று கை குலுக்கினார். செலியானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள் என்றார். அவர்களுக்கு அந்தப் பெயர் அப்படித்தான் வரும்.

சொல்கிறேன் என்றேன்.

வெளியில் ஃபர்ஹானா ஓடிவந்தாள். "என்னக்கா, உள்ள ஒரே சிரிப்புச் சத்தம். கலக்கிட்டீங்க போல."

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. ஒருவனை உட்காரவைத்துவிட்டு வந்தது போல, திரும்பி அந்த அறைக்குப் போக வேண்டும் என்று மட்டும் இருந்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று ஆறு மணிக்கு அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தேர்வு முடிந்ததே என்றேன். "ரிசல்ட் வர்ற வரைக்கும் விடக்கூடாது. அப்புறம் மறந்துபோயிரும்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மே 5, திங்கள்

இப்போதெல்லாம் நான் பிரெஞ்சில் சொல்வதை அவர் பொறுமையாகக் கேட்பதில்லை. நேரே அர்த்தத்தைச் சொல்லச் சொல்கிறார். கேள்விகளும் மாறிவிட்டன. தேர்வில் யாரும் கேட்காத கேள்விகள். முடி வெட்டிக்கொண்டானா, ஹாஸ்டலில் கொசு இருக்கிறதா. ஹாஸ்டல் என்று நான் சொல்லவே இல்லை. அவரே சேர்த்துவிட்டிருக்கிறார்.

மே 10, சனி

வத்சலா போன் செய்தாள். கடைவீதியில் அவரைப் பார்த்தாளாம், செருப்புக் கடையில். "யாருக்கு அண்ணி, பத்தாம் நம்பர் ஷூ எடுத்துக்காட்டச் சொல்லிக்கிட்டிருந்தாரு? அண்ணனுக்கு எட்டுதானே."

யாருக்காவது பரிசாக இருக்கும் என்றேன்.

அவர் வெறுங்கையோடுதான் வந்தார். நான் கேட்கவில்லை. ஆறு மணிக்கு, அவன் பூரி சாப்பிட்டான் என்று அவரிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

மே 16, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. வாய்மொழித் தேர்வில் நான்தான் துறையிலேயே அதிக மதிப்பெண். துறைத்தலைவர் எழுந்து நின்று வாழ்த்தினார். மகளிர் கல்லூரியிலிருந்தும் கூப்பிட்டார்கள். ஜூன் முதல் வாரம் வரச் சொன்னார்கள். அந்துவான் சார் படிக்கட்டில் எதிரில் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார். சொன்னேன். "நல்லது, நல்லது" என்றார். முகம் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கி அவன் என்ன சாப்ட்டான்?"

"பரீட்சை முடிஞ்சிருச்சுங்க. பாஸாயிட்டேன்."

"அதான் சொன்னியே. அவன் என்ன சாப்ட்டான்?"

பிரெஞ்சில் பதில் தயாராக இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவர் கேட்டுக்கொள்வார். நாளைக்கும் கேட்பார். அவர் பாதங்களைப் பார்த்தேன். ஈரம் துடைக்காமல் வந்திருந்தார். எத்தனை நாளுக்கு என்னால் அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட முடியும் என்று நினைத்தேன். என்னால் எத்தனை நாளுக்கும் முடியும், அதுதான் பயம் என்றும் நினைத்தேன்.

"செழியன் செத்துப்போயிட்டான்" என்றேன்.

தமிழில் அது இவ்வளவு சின்ன வாக்கியமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கரையில் ஒரு பகல் முழுக்க நின்றவர் அவர். படகில் கொண்டுவந்து கிடத்தியபோது துண்டை விலக்கிப் பார்த்து அடையாளம் சொன்னவரும் அவர்தான். நான் வீட்டில் இருந்தேன். என்னை யாரும் விடவில்லை. அவரே இப்போது என்னை நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் தெரியாதவர் போல மெதுவாகக் கேட்டார்.

"எப்போ?"

அடுப்பை அணைத்தேன். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். யாராவது ஒருவர் அவரிடம் இதை முறையாகச் சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும்தான்.

"காலையில ரெண்டு தோசை சாப்ட்டான்" என்று ஆரம்பித்தேன். "மூணாவது ஊத்தவான்னு கேட்டேன். பசங்க வெளிய நிக்கறாங்கம்மா, வந்து சாப்டறேன்னு சொன்னான்."